பெயர் கடைசியில் வரட்டும்: அனாட்டமி, பிசியாலஜி புதிதாகப் படிக்க ஒரு வழி

நர்ஸிங், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி என்று ஏதோ ஒன்றில் சேர்ந்துவிட்டு, முதல் மாதத்திலேயே "இந்த அனாட்டமி மட்டும் தலையில ஏறவே மாட்டேங்குது" என்று சொல்லாத பிள்ளையை நான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்தில் பார்த்ததில்லை. அதிலும் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு வருகிறவர்கள், முதல் பக்கத்திலேயே வாயில் நுழையாத பெயர்கள் இருபது வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் பாதி உயிர் போன மாதிரி ஆகிவிடுகிறார்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. எந்தப் படிப்பிலும் சேரவில்லை, வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவையோ, டயாலிசிஸுக்குப் போய்வரும் மாமியாரையோ பார்த்துக்கொள்கிறார்கள், டாக்டர் சொல்வது கொஞ்சமாவது புரிந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தடுமாறுவதற்குக் காரணம் மண்டையில் ஒன்றும் இல்லாததல்ல, படிக்கிற வரிசை. புத்தகம் பெயரில் தொடங்கும், பிறகு இருக்கும் இடம், அப்புறம் வடிவம், கடைசியில் ஒரு மூலையில் அது என்ன வேலை செய்கிறது என்பது வரும். நான் சொல்வது இதற்குத் தலைகீழ். முதலில் உங்கள் உடம்பில் தொட்டுப் பாருங்கள், அடுத்து அது எதற்கு இருக்கிறது என்று கேளுங்கள், அதன்பிறகு பெயர் வரட்டும். தொட்டும் கேட்டும் முடித்த பொருளுக்கு வரும் பெயர் மறக்காது. அனாட்டமி என்றால் அமைப்பு, பிசியாலஜி என்றால் அது நடக்கும் விதம். இரண்டையும் இரண்டு நோட்டில் எழுதாதீர்கள், ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

தேவையான சாமான் அதிகம் இல்லை. கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், சிவப்பு, நீலம், மஞ்சள் கலர், நொடி முள் உள்ள கடிகாரம் (போனில் இருப்பதே போதும்). புத்தகத்துக்குத் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் பாடநூல் போதும். தமிழ் வழியிலும் இருக்கிறது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, செரித்தல், சுவாசம், சுற்றோட்டம், கழிவு நீக்கம், நரம்பு, ஹார்மோன் எல்லாம் அதில் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ஆயிரம் பக்க மெடிக்கல் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தமிழில் இதையெல்லாம் படிக்க முடியுமா என்று யாராவது கேட்டால், 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே பாடம் நடத்தி மருத்துவர்களை உருவாக்கினார் என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

முதல் நாள்: எப்படி நிற்பது

உடம்பில் எந்த இடத்தைச் சொல்வதானாலும் உலகம் முழுவதும் ஒரே நிலையை வைத்துத்தான் சொல்கிறார்கள். நேராக நின்று, முகம் முன்னால் பார்த்து, கை இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்னால் தெரியும்படி திருப்பிக்கொள்ளுங்கள், கட்டை விரல் வெளிப்பக்கம் பார்க்கும். இதுதான் அனாட்டமிக்கல் பொசிஷன். ஆள் படுத்திருந்தாலும் கவிழ்ந்திருந்தாலும் மனதில் இப்படி நிறுத்திவைத்துத்தான் பேச வேண்டும். இடது, வலது என்றால் அந்த ஆளுடைய இடது, வலது. படத்தைப் பார்க்கும் உங்களுடையது அல்ல. இந்த ஒன்றைக் கோட்டைவிட்டு, பரீட்சையில் கல்லீரலை இடப்பக்கம் வரைகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

அப்புறம் திசைச் சொற்கள். முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர், தலைப்பக்கம் சுப்பீரியர், கால்பக்கம் இன்ஃபீரியர், உடம்பின் நடுக்கோட்டை நோக்கி மீடியல், அதைவிட்டு விலகி லேட்டரல். கை காலுக்கு மட்டும் இன்னும் இரண்டு: உடம்போடு சேரும் இடத்துக்கு அருகே என்றால் பிராக்ஸிமல், தள்ளி என்றால் டிஸ்டல். முழங்கை மணிக்கட்டுக்கு பிராக்ஸிமல், மணிக்கட்டு முழங்கைக்கு டிஸ்டல். எட்டுச் சொல்தான். கண்ணாடி முன்னால் நின்று மூக்கு காதுக்கு மீடியல், காது மூக்குக்கு லேட்டரல் என்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் வேலை.

முதல் வாரம்: எலும்பைத் தடவிப் படிப்பது

பெரியவர்களுக்கு 206 எலும்பு. பிறக்கும்போது அதைவிட நிறைய இருக்கும், வளர வளரப் பல ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இந்த 206ஐயும் மனப்பாடம் செய்யாதீர்கள், இப்போது தேவையே இல்லை. தோலுக்கு அடியில் கைக்குத் தட்டுப்படுவது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கிடையாக ஓடுவது காறை எலும்பு. பைக்கில் இருந்து தோள் அடிபட விழுகிறவர்களுக்கு அடிக்கடி உடைவது இதுதான். இரண்டு காறை எலும்பும் சேரும் குழியில் இருந்து நெஞ்சின் நடுவே விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள், சுமார் இரண்டு அங்குலத்தில் குறுக்காக ஒரு மேடு தட்டும். அதன் பக்கவாட்டில் சேர்வது இரண்டாவது விலா எலும்பு. முதல் விலா எலும்பு காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் எண்ணுவது கஷ்டம், அதனால் டாக்டர், நர்ஸ் எல்லாரும் இந்த மேட்டில் இருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். இப்படியே இடப்பக்கம் எண்ணிக்கொண்டு ஐந்தாவது விலா எலும்புக்கும் ஆறாவதுக்கும் இடையில் உள்ள பள்ளத்துக்கு வந்து, காறை எலும்பின் நடுவில் இருந்து நேர் கீழே கோடு போட்டால் எங்கே வருமோ அங்கே கையை வையுங்கள். இதயத்தின் நுனி தட்டுவது அங்கேதான். எல்லாருக்கும் கைக்குத் தெரியாது, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தால் தெரிய வாய்ப்பு அதிகம்.

முன்னங்கையில் இரண்டு எலும்பு. முழங்கை முனையில் இருந்து சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரைக்கும் விடாமல் தடவிக்கொண்டு போக முடிவது அல்னா. கட்டை விரல் பக்கம் இருப்பது ரேடியஸ். இப்போது முன்னங்கையை மேசையில் வைத்து உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிப் பாருங்கள். அல்னா கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும், ரேடியஸ்தான் அதன்மேல் குறுக்கே புரண்டு விழும். இதைக் கையில் உணர்ந்துவிட்ட ஆளுக்குப் புத்தகத்தில் அந்த மூட்டைப் பற்றிய இரண்டு பக்கம் அப்படியே புரிந்துவிடும். வழுக்கி விழும்போது கையை ஊன்றுகிறோமே, அப்போது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே உடைவது பெரும்பாலும் ரேடியஸ். மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்த பாட்டிமார் கையில் கட்டோடு இருப்பது இதனால்தான்.

காலில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் முட்டுகளை நிறையப் பேர் பாதத்து எலும்பு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புதான் டிபியாவும் ஃபிபுலாவும். உள்பக்க முட்டு டிபியாவின் கீழ்முனை, வெளிப்பக்க முட்டு ஃபிபுலாவின் கீழ்முனை. பாதம் அதற்கும் கீழேதான் தொடங்குகிறது.

முதுகில் குனிந்தால் கழுத்தடியில் பெரிதாகத் துருத்துவது பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இடுப்பெலும்பின் மேல் விளிம்பு இரண்டிலும் கை வைத்துப் பின்னால் ஒரு கோடு இழுத்தால் இடுப்பின் நான்காவது முள்ளெலும்பு வரும். முதுகில் ஊசி போடும் மயக்க மருத்துவர் இடம் பார்ப்பது இப்படித்தான்.

இரண்டாவது வாரம்: நாடியும் மூச்சும்

ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டையும் வைத்து மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் நாடி பாருங்கள். கட்டை விரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. அடுத்து முழங்கையின் உள்மடிப்பில், கழுத்தில், பாதத்தின் மேல்புறத்தில், உள்கணுக்காலுக்குப் பின்னால் என்று தேடுங்கள். பாத நாடி கிடைக்க நேரம் ஆகும். கழுத்தில் மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அழுத்தாதீர்கள், மயக்கம் வரும்.

ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுவது சுமார் 70 மில்லி ரத்தம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ள ரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றி வந்துவிடுகிறது. இந்தக் கணக்கை நீங்களே உங்கள் நாடியை எண்ணிப் போட்டுப் பாருங்கள். வில்லியம் ஹார்வி 1628இல் ரத்தம் சுற்றி வருகிறது என்று எழுதியபோது அவர் கையில் இருந்த பலமான வாதமும் இப்படி ஒரு கணக்குத்தான்: இவ்வளவு ரத்தத்தைக் கல்லீரல் புதிது புதிதாக உண்டாக்கித் தள்ள முடியாது, அப்படியானால் அதே ரத்தம்தான் திரும்பி வந்தாக வேண்டும்.

அவர் செய்து காட்டிய இன்னொன்றை நீங்களும் செய்யலாம். மேற்கையில் ஒரு துணியை லேசாகக் கட்டுங்கள், முன்னங்கையில் நரம்பு நரம்பாகப் புடைக்கும் (பேச்சில் நரம்பு என்கிறோம், அவை சிரைகள்). இடையிடையே சின்ன முடிச்சு மாதிரி தெரிவது வால்வு. முடிச்சுக்குக் கீழே, விரல் பக்கம், ஒரு இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் ரத்தத்தை முடிச்சைத் தாண்டி மேலே தள்ளிவிட்டு எடுங்கள். இடையில் உள்ள பகுதி வெறுமையாகவே கிடக்கும், மேலே இருந்து ரத்தம் இறங்காது. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். வழி ஒரே பக்கம்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இல்லாதவர்கள், கூட்டாளிகளோடு மருந்துவாழ் மலைக்குப் போங்கள். அடிவாரத்தில் நாடி, மூச்சு இரண்டையும் எண்ணி எழுதுங்கள், பாதி ஏறியதும் எண்ணுங்கள், மேலே போனதும் எண்ணுங்கள், உட்கார்ந்த பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கொண்டே இருங்கள். எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்பதுதான் முக்கியம், பழகிய ஆளுக்குச் சீக்கிரம் இறங்கிவிடும். தசைக்கு ஆக்ஸிஜன் தேவைப்பட்டது, அதனால் இதயம் வேகமெடுத்தது, மூச்சு கூடியது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்தது, சூடு ஏறியதால் தோலுக்கு ரத்தம் போய் முகம் சிவந்தது, வியர்த்தது. புத்தகத்தில் ஐந்து பாடமாகப் பிரித்து வைத்திருப்பது உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கிறது. இந்த நோட்டுப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒவ்வொரு பாடத்துக்கும் இதைத்தான் திருப்பிப் பார்க்கப் போகிறீர்கள்.

மூச்சைப் பற்றி நம்ம ஊரில் இருந்தே இரண்டு விஷயம். கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் பாறையில் சிப்பி எடுக்க மூச்சடக்கி முங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'இனி முடியாது' என்று நெஞ்சு துடிக்கிறதே, அது ஆக்ஸிஜன் குறைந்ததால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் கார்பன் டை ஆக்சைடு கூடியது. மூளையின் அடித்தண்டு அதைத்தான் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவது ஆபத்து: கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும், ஆக்ஸிஜன் பெரிதாகக் கூடாது, மூச்சுவிட வேண்டும் என்ற எச்சரிக்கை தாமதமாகும், அதற்குள் தண்ணீருக்கு அடியிலேயே நினைவு தப்பிவிடும். மூச்சடக்கிப் பார்க்க வேண்டுமானால் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், குளத்திலோ கடலிலோ வேண்டாம்.

இன்னொன்று நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடம் அறுவை மருத்துவராக இருந்த சோமர்வெல் கதை. 1924இல் அவர் எவரெஸ்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் போனார். அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறைவு, வேகவேகமாக வாயால் மூச்சிழுக்க வேண்டும். அந்த உறைந்த வறண்ட காற்றில் அவருடைய குரல்வளையின் உள்தோல் செத்துக் கழன்று, இறங்கி வரும்போது மூச்சுக்குழலை அடைத்துவிட்டது. சாகத்தான் போகிறோம் என்று உட்கார்ந்தவர் கடைசியாக இரண்டு கையாலும் தன் நெஞ்சை அழுத்தினார், அடைப்பு வெளியே வந்துவிட்டது. குரல்வளை எவ்வளவு குறுகலான வழி, மூக்கு காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித் தருவது எதற்கு, மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் காற்று மிச்சம் இருக்கிறது என்றால் அதனால் என்ன பயன் என்று மூன்று பாடம் இதில் இருக்கிறது.

கறிக்கடை வகுப்பு

எல்லா வகுப்பிலும் பிளாஸ்டிக் மாடல் உண்டு, ஆனால் அதை அழுத்திப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். நிஜ உறுப்பு அப்படி இல்லை. திங்கள்சந்தையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ காலையிலேயே போய், "அண்ணாச்சி, ஆட்டு ஹார்ட்டு ஒண்ணு, வெட்டாம முழுசா, மேல இருக்க குழாயையும் சேத்துத் தாங்க" என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் குழாயை நறுக்கிவிட்டுத்தான் தருவார், அப்புறம் எது எங்கே போகிறது என்று தெரியாது. ஒரு குண்டிக்காயும் (சிறுநீரகம்) வாங்கிக்கொள்ளுங்கள். கையுறை, கூர்மையான கத்தி, பழைய தட்டு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அறுத்துப் பார்த்ததைச் சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அறுக்கும் முன் அமுக்குங்கள். ஒரு பக்கம் தொளதொள என்று அமுங்கும், அது வலது கீழறை. இன்னொரு பக்கம் கெட்டியாக இருக்கும், அது இடது கீழறை, நுனி அதனுடையதுதான். மேலே உள்ள தடித்த குழாயில், அமுக்கினாலும் சப்பையாகாமல் வாய் திறந்தே நிற்பதுதான் மகாதமனி, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். அதன் வாய்க்குள் தண்ணீர் விடுங்கள், நிற்கும். உள்ளே மூன்று இதழ் வால்வு மூடிக்கொண்டதுதான் காரணம். அப்புறம் நுனியில் இருந்து மேலாக இரண்டு பக்கமும் கீறித் திறந்து இரண்டு சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடது சுவர் வலதைவிட மூன்று மடங்காவது தடித்திருக்கும். ஏன்? வலது கீழறை பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது கீழறை தலை முதல் கால் விரல் வரை தள்ள வேண்டும். பி.பி. பார்க்கும்போது 120 என்று சொல்வது இடது பக்கத்து அழுத்தம்; வலது பக்கம் அது சுமார் 25தான். உள்ளே வெள்ளை நூல் நூலாகத் தெரிவது வால்வின் இதழைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கீழறை சுருங்கும்போது இதழ் மேலே புரண்டுவிடாமல் இருக்க. ஒன்றை விரலில் மாட்டி இழுத்துப் பாருங்கள், அறுக்காமல் அறாது. "லப்" என்ற முதல் சத்தம் இந்த வால்வுகள் மூடும்போது, "டப்" என்ற இரண்டாவது மகாதமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது.

குண்டிக்காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம், நடுவில் ஒரு குழி. வெளிப்பகுதியில்தான் வடிகட்டும் வேலை. நம் இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அவ்வளவும் வெளியே போனால் என்ன ஆவது? 99 சதவீதம் திரும்ப ரத்தத்துக்கே போய், மிச்சம் ஒன்றரை லிட்டர் போல சிறுநீராக வருகிறது. எனவே சிறுநீரகத்தின் பெரிய வேலை வடிகட்டுவது மட்டும் அல்ல, எதைத் திரும்ப எடுப்பது என்று தீர்மானிப்பது. வெயிலில் செங்கல் சூளையில் நின்றுவிட்டு வரும் ஆளுக்குச் சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போவது, தண்ணீரைத் திரும்ப எடு என்று மூளையில் இருந்து ஹார்மோன் வழியாக உத்தரவு போனதால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஆடு ஆடுதான், மனிதர் இல்லை. ஆட்டு வயிற்றில் நான்கு அறை, நமக்கு ஒன்று. ஆட்டுக் குண்டிக்காய் மேலே வழவழப்பு, மாட்டுடையது திட்டுத் திட்டாக இருக்கும், நம்முடையது வெளியே வழவழப்பு, ஆனால் உள்ளே கூம்பு கூம்பாகப் பல பிரிவு. பழைய ரோமில் கேலன் விலங்குகளை அறுத்துப் பார்த்து மனிதருக்கும் அப்படித்தான் என்று எழுதிவைத்தார், கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்பது உட்பட. ஆயிரம் வருடத்துக்கு மேல் அதைத்தான் படித்தார்கள். 1543இல் வெசாலியஸ் மனித உடலை அறுத்துப் பார்த்து, தாடை ஒரே எலும்புதான் என்று எழுதினார். நீங்களும் கறிக்கடையில் பார்த்ததைப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே நோட்டில் ஏற்றுங்கள். இறைச்சியே தொடாத வீட்டுப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம், இதயத்தை அறுத்துக் காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

கடையில் கேட்க இன்னும் இரண்டு. சுவரொட்டி என்பது மண்ணீரல், வயதான சிவப்பணுக்கள் அங்கேயும் கல்லீரலிலும் உடைக்கப்படுகின்றன (ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்). நல்லி எலும்புக்குள் இருப்பது மஜ்ஜை. பெரியவர்களுக்குக் கை கால் நீள எலும்பின் தண்டில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. ரத்தம் உண்டாவது இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முள்ளெலும்பு போன்ற இடங்களில்.

அதற்கப்புறம் வரிசை

எலும்பு, இதயம், நுரையீரல், சிறுநீரகம் முடிந்தது. அடுத்து செரிமானம். அவித்த மரச்சீனிக் கிழங்கை உப்பு, கறி எதுவும் சேர்க்காமல் ஒரு வாய் எடுத்து ஒரு நிமிடம் விழுங்காமல் மெல்லுங்கள், இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதுதான் அது. இப்போது கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்ட ஒரு தட்டை மனதில் வைத்து, கிழங்கின் மாவுச்சத்து, மீனின் புரதம், மீனின் எண்ணெய் மூன்றும் தனித்தனியாக எங்கே உடைகிறது என்று பின்தொடருங்கள். மாவுச்சத்து வாயில் தொடங்கிச் சிறுகுடலில் முடியும், புரதம் இரைப்பை அமிலத்தில் தொடங்கும், எண்ணெய்க்குச் சிறுகுடலில் பித்தநீர் வர வேண்டும். சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் ரத்தம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன, எண்ணெய் மட்டும் நிணநீர் வழியில் சுற்றிக்கொண்டு போய்க் கழுத்தடியில் ரத்தத்தில் சேர்கிறது. இந்த ஒரு தட்டைப் படமாக வரைய முடிந்தால் செரிமானப் பாடம் முடிந்த மாதிரி.

நரம்பு மண்டலம் எல்லாரும் பயப்படும் இடம். முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'விர்'ரென்று இழுக்குமே, அது அல்னார் நரம்பு. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் அதன் எல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது முதுகுத் தண்டுவடம் வரை போய்த் திரும்பி வருவது, மூளைக்குச் செய்தி அப்புறம்தான் போகும். இவ்வளவோடு தொடங்குங்கள். மூளையின் பகுதிகளை இரண்டாவது சுற்றில் பார்க்கலாம்.

ஹார்மோனுக்குள் நுழையும் முன் ஒரு கருத்து பிடிபட வேண்டும். மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி வால்வு திறக்கும், நிரம்பினால் மிதவையே ஏறி அடைத்துவிடும். உடம்பில் சூடு, சர்க்கரை, உப்பு, தண்ணீர் எல்லாமே இந்த மாதிரிதான் காக்கப்படுகின்றன. சர்க்கரை கூடினால் இன்சுலின், குறைந்தால் குளுக்ககான். சூடு கூடினால் வியர்வை. ஆனால் வியர்ப்பது மட்டும் போதாது, அது காய வேண்டும்; ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி சூடு வெளியேறும், சொட்டிக் கீழே விழுந்தால் ஒன்றும் இல்லை. காற்று வீசும் முப்பந்தல் காற்றாலைப் பக்கம் வெயிலில் நின்றாலும் அவ்வளவு தெரியாமல், குளச்சல் கடற்கரையில் காற்று நின்ற நாளில் நிழலில்கூடப் புழுங்கித் தள்ளுவது இதனால்தான். முப்பந்தலில் இருக்கும் ஆபத்து வேறு: வியர்ப்பதே தெரியாது, தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம்.

இனப்பெருக்க மண்டலத்தைக் கூச்சப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள், வார்டில் வேலை செய்யப் போகிறவர்கள் தினமும் பார்க்கப் போவது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் தெரிந்த பிறகு அது எளிது.

தினமும் எப்படி

முக்கால் மணி நேரம் போதும், ஆனால் அதில் வாசிப்பது கால் மணி நேரம்தான். மிச்ச நேரம் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் நினைவில் இருந்து வரைய வேண்டும். அழகு தேவையில்லை, ரத்தம் போகும் வழிக்குச் சிவப்பு, திரும்பும் வழிக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்று போட்டு, பெயர் எழுதி, அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை வேறு மையில் நிரப்புங்கள். (நுரையீரலுக்கு மட்டும் இது மாறும், தமனி நீலம், சிரை சிவப்பு, அது ஏன் என்று எழுதிவையுங்கள், வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.) அதே படத்தை மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. கடகடவென்று ஐந்து தடவை வாசித்து ஹைலைட்டர் அடிப்பதைவிட இது கஷ்டம். பலன் இருப்பதும் அந்தக் கஷ்டத்தில்தான். ராத்திரி அம்மாவிடமோ தம்பியிடமோ அன்றைக்குப் படித்ததைச் சொல்லிக் காட்டுங்கள், அவர்கள் கேட்கும் "அது எதுக்கு?"வில் மாட்டிக்கொள்ளும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம்.

பெயர்களில் பெரும்பாலானவை துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. கார்டியோ இதயம், ஹெபாட்டோ கல்லீரல், நெஃப்ரோ சிறுநீரகம், ஆஸ்டியோ எலும்பு, ஐட்டிஸ் அழற்சி என்று ஒரு முப்பது துண்டு தெரிந்தால் பார்க்காத வார்த்தையையும் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

நம்ம மாவட்டத்தில் கட்டாயம் வரும் ஒரு கேள்வி வர்மம். "எங்க தாத்தா ஆசான், அவரு சொல்ற இடத்துக்கு இதுல என்ன பேரு?" என்று கேட்பார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108 என்று கணக்கு வைத்திருக்கும் அந்த மரபுக்குத் தனி முறை இருக்கிறது, அதை ஆசானிடம்தான் படிக்க வேண்டும். நரம்போ ரத்தக்குழாயோ தோலுக்கு அருகில் வரும் இடங்கள் சில இரண்டிலும் ஒத்துப்போகும். ஆனால் தொடக்கத்திலேயே ஒன்றின் பெயரை இன்னொன்றின் மேல் ஒட்டவைத்தால் இரண்டும் குழம்பிவிடும் என்பது என் அபிப்பிராயம். ஒன்றில் கால் ஊன்றிய பிறகு அடுத்ததற்குப் போங்கள், அதுவரை கூட்டாளியின் கழுத்தில் அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

முப்பது நொடி ரீல்ஸில் வரும் 'கல்லீரலைச் சுத்தம் செய்ய ஒரு ஜூஸ்' வகையறாக்களை இப்படிப் படிக்கும் நாட்களில் பார்க்காமல் இருப்பது நல்லது. செரிமானப் பாடம் முடிந்த பிறகு பாருங்கள், எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் போன பிறகு வீட்டில் யாருடைய பழைய ரத்தப் பரிசோதனைத் தாளாவது இருந்தால் அவர்களிடம் கேட்டு வாங்கி எடுத்து வையுங்கள். ஹீமோகுளோபின், கிரியாட்டினின், பிலிருபின், டி.எஸ்.எச்., சோடியம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் எந்த உறுப்பு, அது இதை எப்படிக் கூட்டும், எப்படிக் குறைக்கும் என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாமல் விட்ட வரி எதுவோ அந்தப் பாடத்தில் இருந்து இரண்டாவது சுற்றைத் தொடங்கலாம். அதை வைத்து மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது மட்டும் வேண்டாம், அதற்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஓ.பி. இருக்கிறது.